நரம்பு அறுகிற மூலை

மறுபடியும் அதே மூலையில்தான் நரம்பு அறுந்தது. கபர்ஸ்தானின் மேற்குச் சுவரோரம், புங்கமரத்துக்குக் கீழே. டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் வெட்ட நரம்பு இல்லாமல் புல் வெட்டும் மிஷின் வெறுமனே அலறியது. தஸ்தகீர் அதை அணைத்துவிட்டுக் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். கைப்பிடியளவு கருங்கல் ஒன்று, ஒன்றும் அறியாத மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"யாரோ வேணும்னேதான் வெக்கிறாங்க," என்று அந்தக் கல்லிடமே சொன்னார்.

தஸ்தகீர் சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவர். காரிமங்கலம் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். சட்டைக்கு அளவு எடுத்தால் இரண்டு தரம் எடுப்பார். டேப்பின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. டீ கொஞ்சம் ஆறியிருந்தால், வேறு யாரோ வேண்டாமென்று சொன்னதைத் தன் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைப்பார். தர்மபுரி பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிட்டாலோ, இது முந்தைய பஸ்ஸாகத்தான் இருக்கும் என்று கண்டக்டரிடம் வாதம் செய்வார். இப்படிப்பட்ட மனிதரிடம் போய் ஜமாத்து ஒரு வெளிநாட்டு மிஷினை ஒப்படைத்திருந்தது. நிம்மதியாகத் தூங்குவாரா மனிதர்?

அந்த மிஷின் ரியாத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு பூங்காவில் வேலை பார்த்த அப்துல் ரஷீத், எண்பத்திரண்டில் லீவுக்கு ஊர் வந்தான். மற்றவர்கள் டேப் ரிக்கார்டரும் சென்ட்டுமாக வந்து இறங்க, இவன் மட்டும் நீளக் குழாயின் முனையில் வட்டத் தலை வைத்த புல் வெட்டும் மிஷினோடு வந்தான். அதைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தான். அதில் கத்தி கிடையாது. தலைக்குள் சுற்றி வைத்த நைலான் நரம்பின் நுனி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் எஞ்சின் அதைச் சுழற்றுகிற வேகத்தில் புல் சீவிக்கொண்டு போகும். "தையல்காரருக்கு மிஷின் பழக்கம்" என்று பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லி அன்வர் பாஷா அதைத் தஸ்தகீரின் தோளில் மாட்டிவிட்டார். கூடவே ஒரு சுருள் சிவப்பு நரம்பைக் கொடுத்த ரஷீத், "ஒரு வருஷத்துக்கு வரும் பாய்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

ஒரு வருஷமாவது! ஒரு மாதம்கூட வரவில்லை. பிறகு தஸ்தகீர் கிருஷ்ணகிரி டேமுக்குப் போய், அங்கே மீன் பிடிப்பவர்களிடம் இருப்பதிலேயே தடிமனான தூண்டில் நரம்பைக் கெஞ்சி வாங்கி வந்தார். அதுவும் அந்த மூலைக்குப் போனால் அறுந்தது. அறுந்த துண்டு போக மிச்சம் தலைக்குள் இழுத்துக்கொள்ளும். திறந்து, பிடுங்கி, வெளியே விட்டு ஓட்டினால் அடுத்த கல். சுருள் தேய்ந்துகொண்டே வந்தது.

பராத் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஊர் ஆண்கள் எல்லோரும் கபர்ஸ்தானுக்கு வந்து அவரவர் மறைந்தவர்களுக்காக ஓதுவார்கள். அதற்குள் புல் வெட்டியாக வேண்டும். அந்த வருஷம் பார்த்துக் கோடை மழை கொட்டித் தீர்த்திருந்ததால் புல் முழங்கால் உயரம் நின்றது. அன்வர் பாஷா நேரடியாக ஒன்றும் சொல்ல மாட்டார். "நரம்பு மீன் பிடிக்கறவங்களுக்கும் ஆவுமாமே தஸ்தகீர்?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார்.  ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவரை, நரம்பை மீன்காரர்களுக்கு விற்கிறாரோ என்று ஊர் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது. அது தாங்க முடியாத அவமானமாக இருந்தது.

நரம்பு மாற்றுவது வீட்டில்தான். அது ஒரு ஆள் வேலை இல்லை. முதலில் நைலானைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கிக்கொண்டு நிற்கும். மிஷின் தலையின் மூடியை இரண்டு பக்கமும் அழுத்திக் கழற்றினால் உள்ளே தையல் மிஷின் பாபின் மாதிரி ஒரு சக்கரம். நரம்பின் நுனியை அதிலுள்ள ஓட்டையில் சொருகி, அம்புக்குறி காட்டுகிற பக்கமாகவே, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இழுத்துச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் ஓடுகிற சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் மனைவி அக்தர் பேகம் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் கோடியில் நிற்பாள். அவர் சுற்றச் சுற்ற, நரம்பை விறைப்பாகப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாக அவரை நோக்கி வருவாள். இருபது வருஷமாக அவருக்கு பாபினில் நூல் சுற்றிக் கொடுப்பவள். சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் அவர்கள் பேசுவது உருது. நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"யாரா இருக்கும் அக்தர்?" என்று அன்றும் கேட்டார்.

"எது?"

"கல்லு வெக்கிறது."

"பூமியில கல்லு இருக்கறது அதிசயமா?" என்றாள்.  மிஷின் வந்த நாளிலிருந்தே அவள் பேச்சு குறைந்திருந்தது. தஸ்தகீர் அதையும் கவனித்து, பெட்ரோல் வாடை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவராகவே தீர்ப்பெழுதிக்கொண்டார். உலகத்தில் எல்லோரையும் துருவுகிறவருக்கு வீட்டுக்குள் மட்டும் கண் மங்கல்.

மறுநாள் அவர் ஒரு தந்திரம் செய்தார். துணியில் குறி போடும் நீல மெழுகுச் சாக்பீஸை எடுத்துப்போய், அந்த மூலையில் கிடந்த கற்கள் ஒவ்வொன்றின் மேலும் பெருக்கல் குறி போட்டார். பிறகு எல்லாவற்றையும் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினார். பூமியில் தானாகக் கிடக்கிற கல்லா, யாராவது கொண்டுவந்து வைக்கிற கல்லா, இப்போது தெரிந்துவிடும்.

இரண்டு நாள் கழித்துப் போனார். நீலப் பெருக்கல் குறியோடு அதே கற்கள், அதே புல்லுக்குள், அதே இடத்தில் இருந்தன. தஸ்தகீருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அதே சமயம், உண்மையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய சந்தேகம் ஒன்று நிரூபணமாகியிருந்தது. கற்களை மறுபடியும் சுவருக்கு அந்தப் பக்கமே வீசினார்.

யார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காவேரியின் கொல்லை.

காவேரி இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து கபர்ஸ்தானில் புல் அறுப்பவள் அவள்தான். அவளுக்குத் தீனி, ஜமாத்துக்குச் சுத்தம். யாருக்கும் யாரும் கடன் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கபரின் மேல் இருக்கிற பச்சைப் புல்லைத் தொடக் கூடாது. பச்சையாக இருக்கும்வரை அந்தப் புல் ஆண்டவனைத் துதிக்கும், கீழே இருப்பவருக்கு அது இதம் என்பது நம்பிக்கை. காவேரி அதை ஒருநாளும் மீறியதில்லை. கபரைச் சுற்றி அரிவாளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். மிஷினுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. மேடு தெரிகிற கபர்களைத் தஸ்தகீர் விட்டுவிட்டு ஓட்டினார். நாளாகித் தரையோடு தரையாகிவிட்டவற்றின் மேல் மிஷின் தாராளமாகப் போனது. போனது மட்டுமா, புல்லைப் பொடிப்பொடியாக்கிச் சுவரில் அடித்தது. அதை எருமை மோந்துகூடப் பார்க்காது.

அந்தப் புல் போனால் காவேரிக்குத் தீனி போகும். தீனி போனால் எருமையை விற்க வேண்டியதுதான். மிஷினைக் கெடுக்க இதைவிட என்ன காரணம் வேண்டும்? தஸ்தகீர் அன்வர் பாஷாவின் கடைக்குப் போய், "ஆளைக் கண்டுபுடிச்சிட்டேன். கையும் களவுமா காட்டறேன்" என்றார்.

"காட்டு," என்றார் அன்வர் பாஷா. "வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி பேசுவோம். அப்படி யாராச்சும் பண்றது நெசம்னா, கேட்டுக்குப் பூட்டுப் போட்டுடலாம். வெளியாளு யாரும் உள்ள வர வேணாம்."

வியாழக்கிழமை விடிந்ததும் தஸ்தகீர் கபர்ஸ்தானுக்குப் போய், சந்தூக் வைக்கிற கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டார். மையித்தைத் தூக்கி வருகிற அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தையல்காரர் குந்தியிருப்பதை யாராவது பார்த்திருந்தால் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். கொசு பிடுங்கியது. அவர் அசையவில்லை.

காவேரி வந்தாள். தலையில் கூடை, கையில் அரிவாள். நேராகப் புங்கமரத்தடிக்குப் போய்க் குந்தினாள். மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டணத்தை எடுத்து அவிழ்த்து, அதிலிருந்த கல்லை எடுத்துப் புல்லுக்குள் வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள். திருடி வைக்கிற அவசரம் அவளிடம் இல்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என்ன துணிச்சல்!

"என்னா பண்ற காவேரி?"

அவள் திடுக்கிட்டாள், ஓடவில்லை. பொட்டணத்தை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "புல்லு அறுக்க வந்தேனுங்க பாய்."

"புல்லு அறுக்க வந்தவளுக்கு மடியில கல்லு எதுக்கு?" அவர் விடுவிடென்று நடந்து அவள் எதிரில் போய் நின்றார். "மிஷினு வந்ததுல உனக்குத் தீனி போச்சு. அதான? நேரா வந்து கேட்டிருந்தா ஒரு பக்கத்த உனக்குன்னு வுட்டிருப்பேன். இப்படித் திருட்டுத்தனமா..."

"மிஷினு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க."

"அப்பறம் யார் மேல கோவம்? என் மேலயா?"

காவேரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாய்," என்றாள்.

தஸ்தகீருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கபர்ஸ்தானில், ஜமாத்துக்காரனை, புல் அறுக்கிறவள் தள்ளி நிற்கச் சொல்கிறாள்! அவர் வேண்டுமென்றே இன்னும் அழுத்தமாக ஊன்றி நின்றார். அப்போதுதான் அவள் கையிலிருந்த துணி கண்ணில் பட்டது. மாம்பழக் கலரில் கறுப்புப் புள்ளி. போன வாரம் அவர் கையால் வெட்டிய ஜாக்கெட் துணியின் மிச்சம்.

"இது என் கடைத் துணி! கடையிலயும் கை வெச்சிட்டியா?"

"திருடலீங்க. குடுத்தாங்க."

"யாரு குடுத்தா?"

காவேரியின் வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. "சொல்ல மாட்டேனுங்க. சொல்றதில்லன்னு கையில அடிச்சி சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஓகோ, கூட்டாளி வேற இருக்காங்களா?" தஸ்தகீர் பொட்டணத்தைப் பிடுங்கிக்கொண்டார். கீழே கிடந்த அரிவாளையும் எடுத்துக்கொண்டார். "நாளைக்கு ஜமாத்துல சொல்றேன். கேட்டுக்குப் பூட்டு வரும். இனிமே இந்தப் பக்கம் கால் வெக்காத."

"பாய், எருமை ரெண்டும் பட்டினியா நிக்குதுங்க. அருவாள மட்டும் குடுத்துடுங்க."

அவர் கொடுக்கவில்லை. காலிக் கூடையோடு அவள் போவதைப் பார்த்தபோது நெஞ்சின் ஒரு ஓரத்தில் சுருக்கென்றது. களவாடுகிறவர்களுக்கெல்லாம் இரக்கப்பட்டால் ஊர் என்ன ஆவது என்று அதைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் நரம்பு நேற்றிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது. சுருளில் கடைசியாக இருந்தது அவ்வளவுதான். அக்தர் பேகம் வழக்கம்போல ஒரு முனையை எடுத்துக்கொண்டு கூடத்தின் கோடிக்குப் போனாள். தஸ்தகீர் மூடியைக் கழற்றி, பழைய துண்டைப் பிடுங்கி எறிந்து, புதிய நுனியைச் சொருகிச் சுற்ற ஆரம்பித்தார். கைக்கு வேலை இருந்ததால் வாய் தடையில்லாமல் ஓடியது. கொட்டகைக்குள் ஒளிந்தது, காவேரி குந்தியது, கல், பொட்டணம், துணி, எல்லாவற்றையும் சொன்னார். தன் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார்.

"என்னையே தள்ளி நிக்கச் சொல்றா! இருக்கட்டும். நாளைக்கி ஜும்மா முடியட்டும், கேட்டுக்குப் பூட்டு. எருமைய வித்துட்டு வேற பொழப்பப் பாக்கட்டும்."

நரம்பு சட்டென்று தளர்ந்தது. சுற்றி முடித்திருந்ததெல்லாம் சக்கரத்திலிருந்து துள்ளிச் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. தஸ்தகீர் நிமிர்ந்தார். அக்தர் பேகம் முனையை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, பிடிக்கறதுக்கு என்ன?"

"அந்தத் துணிய நாந்தான் குடுத்தேன்," என்றாள். "கல்லும் நாந்தான் குடுத்தேன். ஒவ்வொண்ணா எடுத்து, கழுவி, ஓதி ஊதிக் குடுத்தேன். நான் அங்க போக முடியாது. நம்ம பொம்பளைங்க உள்ள போறதில்ல. அவ போவா."

தஸ்தகீருக்குப் புரியவில்லை. சந்தேகத்துக்கு எத்தனையோ வழி தெரிந்த அந்த மண்டைக்குள் இதற்கு மட்டும் வழி இல்லை. "எதுக்கு?" என்றார்.

"நம்ம மொதப் புள்ள அங்கதான இருக்கு."

 மகள் ஷகிலாவுக்கும் முன்னால், கல்யாணமான மறுவருஷம், உயிரில்லாமல் பிறந்த பெண் குழந்தை. காய்ச்சலில் கிடந்தவளிடம் காட்டக்கூடச் செய்யாமல் வெள்ளைத் துணியில் சுற்றி அவர் தூக்கிக்கொண்டு போனார். மேட்டுக்கு ஒரு கல்லும் வைக்கவில்லை. திரும்பி வந்தபோது, எங்கே வைத்தீர்கள் என்று அவள் கேட்டாள். இடம் தெரிந்து என்ன செய்யப் போகிறாய், மறந்துவிடு என்றார். அவளுக்கு நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் போகாமல் போகாமல், அவரே மறந்துவிட்டார். மேற்குச் சுவரோரம் என்பது மட்டும்தான் ஞாபகம். இத்தனை நாளாக அங்கே மிஷின் ஓட்டியபோது அதுகூட நினைவுக்கு வரவில்லை.

"நீங்க வெச்சதைச் செவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து காவேரி பாத்திருக்கா. அப்ப அவளும் புதுசாக் கட்டிக்கிட்டு வந்தவ. பால் ஊத்த வந்தப்ப அவளாத்தான் எங்கிட்ட சொன்னா. அன்னிலேர்ந்து அந்த எடத்துல அருவா படாம பாத்துக்கறா. போன மாசம் மிஷினு வந்துது. மிஷினுக்குக் கண்ணா இருக்கு? அதான் கல்லு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? மறந்துடுன்னு சொல்லுவீங்க."

 அக்தர் பேகம் குனிந்து, அவர் கொண்டுவந்த பொட்டணத்தை எடுத்தாள். உள்ளே மிச்சமிருந்த கற்களில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். பெருக்கல் குறி அழியாமல் இருந்தது.

"யாரோ கல்ல எல்லாம் குறி போட்டுத் தூக்கி எறிஞ்சிட்டாங்கம்மான்னு காவேரி கொண்டாந்து காட்டினா. உங்க சாக்பீஸு எனக்குத் தெரியாதா? திரும்ப ஓதிக் குடுத்தேன். அவ திரும்ப வெச்சா." கல்லைப் பொட்டணத்துக்குள் வைத்து முடிந்தாள். "அவள அந்தக் கேட்டுக்குள்ள வுடலன்னா, எனக்குன்னு அங்க போறதுக்கு வேற யாரு இருக்கா?"

தஸ்தகீர் மடியில் கிடந்த நரம்பின் சிக்கலை ஒவ்வொன்றாக எடுத்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட, கால் கூசியது. "அவ என்னத் தள்ளி நிக்கச் சொன்னா," என்றார் கடைசியில். "நான் நவரல அக்தர். ஊனி நின்னேன்."

அக்தர் பேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையில் கிடந்த முனையைத் தேடி எடுத்து, கோடியில் போய் நின்றாள். நரம்பு விறைத்தது. அவர் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். அவள் ஒவ்வொரு அடியாக அவரிடம் வந்து சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் காவேரி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். தஸ்தகீர் மிஷினைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அரிவாளின் பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார். "பூட்டெல்லாம் இல்ல. அன்வர் பாஷாகிட்ட நான் பேசிக்கறேன். உள்ள வா. எடத்தக் காட்டு."

அவள் முன்னால் நடந்தாள். புங்கமரத்தடியில் குந்தி, புல்லை விரலால் விலக்கினாள். "தலமாடு இதுங்க. கால்மாடு இதோ." இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. "நேத்து நீங்க..." என்று ஆரம்பித்து, மரியாதைக்காக நிறுத்திக்கொண்டாள்.

தஸ்தகீர் செருப்பைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு வந்து குந்தினார். மாம்பழக் கலர் பொட்டணத்தை அவிழ்த்து, கற்களை அவள் காட்டிய இடத்தில் வைத்தார். சாக்பீஸ் குறியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

"இனிமே பயமில்லீங்க," என்றாள் காவேரி. "ஆஜிரா மேல எதுவும் ஏறாது."

"யாரு?"

"புள்ள பேருங்க. அம்மா உங்ககிட்ட சொல்லலீங்களா?"

ஹாஜிரா. அவர் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எதையும் இரண்டு தரம் கேட்கிற மனிதர், இதை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வெறுங்காலோடு பின்னால் நகர்ந்தார்.

"இவ்ளோ தூரம் போதுமா காவேரி," என்று கேட்டார், "இன்னும் தள்ளி நிக்கணுமா?"